புல் வெட்டும் மெஷினும் எட்டாவது வரியும்

அவிநாசி பக்கம் இருந்த எங்கள் தென்னந்தோப்பில், மோட்டார் ரூம் கதவின் உட்புறம் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. புல் வெட்டும் மெஷினுக்காக நான் எழுதியது. மொத்தம் ஏழு வரிகள். ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு நாற்பது மில்லி ஆயில், அதாவது இருமல் மருந்து மூடியில் நான்கு மூடி. ஏர் ஃபில்டரை வாரம் ஒருமுறை சோப்புத் தண்ணீரில் அலசிக் காயவைத்து மாட்டவும். வெட்டிய புல்லை எருமைக்குப் போடக் கூடாது, மெஷினில் சுழன்று புல்லை வெட்டும் நைலான் கயிற்றின் துணுக்கு கலந்திருக்கும். இப்படியே போகும்.

அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நான் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்த வருடம், ஊரில் களை வெட்ட ஆள் கிடைப்பது நின்றுபோனது. வழக்கமாக வரும் பெண்கள் காலையிலேயே கம்பெனி வேனில் ஏறித் திருப்பூர் பனியன் வேலைக்குப் போய்விடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, நிழலில் செய்யும் வேலை அது. தோப்பில் புல் இடுப்பு உயரம் வளர்ந்தது. விழுந்த தேங்காய் கண்ணில் படவில்லை, பாம்பு மட்டும் பட்டது. பீளமேட்டில் மில் வேலைக்குப் போய்வந்த அப்பா, தோப்பைப் பங்காளி ஒருவருக்குக் குத்தகைக்கு விட்டுவிடலாம் என்றார். அம்மாவுக்கு அதில் சம்மதமில்லை. கன்று வைத்ததிலிருந்து குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றியவர் அவர்.

மலை எஸ்டேட் ஒன்றில் கழித்துப்போட்ட மெஷினை மாமா வாங்கிவந்து கொடுத்ததும், அம்மா அதைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். சேலைக்கு மேல் அப்பாவின் பழைய முழுக்கைச் சட்டை, காலில் என்னுடைய ஒர்க்‌ஷாப் ஷூ.

அப்பா ஒரு கெடு வைத்தார். பங்காளி ஞாயிற்றுக்கிழமை தோப்பைப் பார்க்க வருவார். அதற்குள் தோப்பு சுத்தமாகிவிட்டால் குத்தகைப் பேச்சே கிடையாது. அதே ஞாயிறு மாலை நான் முதல் வேலைக்காக ஓசூர் கிளம்ப வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் முக்கால் தோப்பு முடிந்தது. சனிக்கிழமை மத்தியானம் மெஷின் நின்றுபோனது.

"ஏனம்மிணி, மிசினும் உங்கூட ஓசூருக்குக் கெளம்பிருச்சா?" என்று அப்பா என்னைக் கேட்டுவிட்டுச் சாப்பிடப் போனார்.

வேப்பமரத்தடியில் சாக்கை விரித்து உட்கார்ந்தேன். பார்க்க வேண்டியவை மூன்று: பொறி, காற்று, எரிபொருள். பிளக்கைக் கழற்றி, மெஷினைக் கிளப்பும் கயிற்றை இழுத்தேன், நீலப்பொறி வந்தது. ஏர் ஃபில்டர் சுத்தமாக இருந்தது. டேங்கில் பாதிக்கு மேல் இருந்தது. மூன்றும் சரி, மெஷின் மட்டும் ஓடவில்லை. சைலன்சரைக் கழற்றிக் கரியைச் சுரண்டிப் பார்த்தேன். அதற்கும் மசியவில்லை.

அன்று எனக்கு நல்ல சளி, மூக்கு வேலை செய்யவில்லை. விரல்தான் காட்டிக்கொடுத்தது. பெட்ரோல் பட்டால் சில்லென்று காய்ந்துவிடும். பிளக்கில் இருந்த ஈரமோ காயவே இல்லை, விரலில் வழவழவென்று நின்றது. டேங்கில் கடைசியாக என்ன ஊற்றினீர்கள் என்று அம்மாவிடம் கேட்டேன். அவர் சட்டைப் பித்தானைத் திருகினார்.

"பெட்ரோல்லதான் கண்ணு கெளப்புனேன். சூடானதுக்கப்பறம் சீமெண்ணெய்க்கு மாத்திப்போட்டேன்."

"சீமெண்ணெய்ங்களாம்மா?"

"நம்ம கெணத்து எஞ்சினு அப்படித்தான பதினெட்டு வருசம் ஓடுச்சு. அப்பாகிட்டச் சொல்லிப்போடாத."

கரண்ட் வருவதற்கு முன் எங்கள் கிணற்றில் இருந்த எஞ்சின் அப்படிப்பட்டதுதான். பெட்ரோலில் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்குத் திருப்ப வேண்டும். அதை ஓட்டியதும் அம்மாதான். இந்தச் சின்ன எஞ்சினுக்கு அது ஆகாது என்பது யாருக்கும் தெரியும் என்று நினைத்து, நான் அதைப் பட்டியலில் சேர்க்கவில்லை. இன்று வேலையில் எந்த மெஷினுக்குக் குறிப்பு எழுதினாலும், அதை ஓட்டப்போகிறவர் இதற்கு முன் எதை ஓட்டினார் என்று முதலில் கேட்டுவிடுகிறேன்.

டேங்கைக் கவிழ்த்து, பெட்ரோல் விட்டு இரண்டு முறை அலசினேன். கார்புரேட்டரைப் பிரித்துத் துடைத்தேன். பிளக் இல்லாமலே கயிற்றை இருபது தரம் இழுத்து உள்ளே தங்கியிருந்ததை வெளியேற்றினேன். பிளக்கை உப்புக்காகிதத்தால் தேய்த்து மாட்டி, புதுக் கலவை ஊற்றினேன். நான்காவது இழுப்பில் பட்டென்று ஒரு வெடி, வெள்ளைப் புகை, பிறகு சீரான சத்தம். அம்மா தோள்வாரை மாட்டிக்கொண்டார்.

மறுநாள் பங்காளி ஸ்கூட்டரில் வந்தபோது, இன்னும் இரண்டே வரிசை பாக்கி. கயிற்றுக் கட்டிலில் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து ஏதோ ஆரம்பித்தார். அப்பா காதில் கை வைத்தார். பங்காளி குரலை உயர்த்தினார். தோப்புக்குள் மெஷின் சத்தம் அதைவிட உயர்ந்தது. திடீரென்று அது நின்றது. நான் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

"ஏனுங்க," தோப்புக்குள்ளிருந்து அம்மாவின் குரல் வந்தது. "பெட்ரோலு தீந்துபோச்சு. கலந்து கொண்டாங்க."

அப்பா பங்காளியைப் பார்த்தார், தோப்பைப் பார்த்தார். "குத்தகையெல்லாம் இப்ப வேண்டாமுங்க," என்று எழுந்து மோட்டார் ரூமுக்குப் போனார். கதவைப் பாதி சாத்தி, என் காகிதத்தை விரல் வைத்துப் படித்தார். "ஒண்ணு, ரெண்டு" என்று அவர் மூடி எண்ணியது வெளியே கேட்டது.

பொங்கலுக்கு ஊர் வந்தபோது என் ஏழு வரிகளுக்குக் கீழே எட்டாவதாக ஒன்று இருந்தது. பால்பாயிண்ட் பேனாவில், அம்மாவின் குண்டு எழுத்தில்: சூடானாலும் சீமெண்ணெய் ஊத்தக் கூடாது. அப்பா உள்ளே போய் வருகிற கதவில், எல்லோர் கண்ணிலும் படும்படி அம்மாவே எழுதியிருந்தார்.