உப்பு வாரும் நாளின் மாத்திரை

2023 பிப்ரவரி 11: ரத்தப் பரிசோதனை, ரூ. 1,150.
2024 ஜனவரி 19: எலும்பு மஜ்ஜைச் சோதனை, ரூ. 6,800.
2024 மார்ச் 5: சென்னைக்கு மூன்று பேர் பஸ், ரூ. 480.
2024 மார்ச் 18: செட் மாத்திரை, நான்கு வேளை, ரூ. 80.

மரக்காணம் உப்பளத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது சுலோசனாவுக்குப் பத்தொன்பது வயது. களையெடுத்த கை ஒரே வாரத்தில் உப்புக் கூடைக்குப் பழகிவிட்டது, கால் பழகவில்லை. பாதம் வெடித்து அழுதவளிடம் கணவன் கண்ணாயிரம் ஒரு காகிதப் பொட்டலத்தை நீட்டினான். மருந்துக் கடையில் நாலைந்தைச் சேர்த்துக் கட்டித் தரும் செட் மாத்திரை. எதற்கும் பேர் கிடையாது. உப்பு வாரும் நாளில் போட்டுக்கொண்டால் உடம்பு சொன்னபடி நிற்கும். அளத்தில் அதை யாரும் மருந்து என்று எண்ணியதில்லை. டீ, பன் மாதிரி அதுவும் ஒன்று.

இருபத்திரண்டு வருடம் கழித்துக் கண்ணாயிரத்துக்கு ரத்தப் புற்றுநோய் வந்தது. கீமோவில் அடங்கியது, மறுபடி தலைதூக்கியது. இனி ஒரு வழிதான், அதுவும் ஆராய்ச்சி, உறுதி சொல்ல முடியாது என்றார் சென்னை டாக்டரம்மா. நம் ரத்தத்தில் இயற்கைக் கொல்லி அணுக்கள் என்று ஒரு வகை உண்டு. கெட்டுப்போன அணுவைத் தாமே கண்டுபிடித்து அழிப்பவை. கண்ணாயிரத்திடம் அவை சோர்ந்துவிட்டன. தங்கை மலர்கொடியிடமிருந்து எடுத்து, பெருக்கி, அவனுக்கு ஏற்ற வேண்டும்.

அரை நாள் மெஷினோடு படுத்துக் கொடுத்துவிட்டு வந்தாள் மலர்கொடி. "அண்ணி, இனிமே எங்கண்ணன் உடம்புல என் ரத்தந்தான். வாய் ஜாஸ்தியாயிடும், பாத்துக்க."

"கொல்ற அணுன்னு சொன்னப்பவே நெனச்சேன், அது உங்கிட்டதான் இருக்கும்னு" என்றான் கண்ணாயிரம்.

டாக்டரம்மா சுலோசனாவிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். "பத்தொன்பதாம் தேதி அட்மிஷன். அவரு தானா நடந்து வரணும். படுத்த படுக்கையா இருக்கறவங்களுக்கு இத குடுக்க மாட்டோம்மா."

முந்தின நாள் கண்ணாயிரத்தால் எழுந்து நிற்கவே முடியவில்லை. முடியாத உடம்பை நிறுத்த சுலோசனாவுக்குத் தெரிந்தது ஒரே வழி. அசோகன் மருந்துக் கடைக்கு ஓடினாள்.

"அண்ணே, செட்டு குடுங்க. நாளைக்கு அவரு நடக்கணும்."

"இந்த உடம்போட அளத்துக்கா?"

"அளத்துக்கு இல்ல, ஆசுபத்திரிக்கு."

"ஆசுபத்திரிக்குப் போவறதுக்கு மாத்திரையா! உன் கூத்தே தனிதாம்மா." சிரித்துக்கொண்டே கட்டிக் கொடுத்தான் அசோகன்.

மறுநாள் கண்ணாயிரம் லிஃப்ட் வேண்டாம் என்று படியேறினான். டாக்டரம்மாவுக்கே ஆச்சரியம். "சூப்பரா நடக்குறீங்களே! ஏதாவது மாத்திரை போட்டீங்களா?"

சுலோசனா பெருமையாக மீதிப் பொட்டலத்தை நீட்டினாள். டாக்டரம்மா பிரித்துப் பார்த்தார். அவர் முகம் மாறிவிட்டது.

"இதுல ஒண்ணு ஸ்டீராய்டும்மா. இது உடம்புல இருந்தா நாங்க ஏத்துற அணு வேலை செய்யாது. ரெண்டு வாரம் தள்ளணும். மருந்து எதுவும் கூடாதுன்னு எழுதிக் குடுத்தோமே?"

"மருந்துன்னுதானேங்க போட்டிருந்துச்சி. இது செட்டு."

ஏப்ரல் 2ஆம் தேதி திரும்பிப் போனார்கள். அதற்குள் நோய், ஆராய்ச்சியில் சேர விதித்திருந்த அளவைத் தாண்டியிருந்தது. விதிவிலக்கு கேட்டு ஆராய்ச்சிக் குழுவுக்கு எழுதுகிறேன், பதில் தபாலில் வரும் என்று டாக்டரம்மா அனுப்பிவைத்தார். மலர்கொடி கொடுத்த அணுக்கள் சென்னையில் உறைநிலையில் கிடந்தன.

கண்ணாயிரம் ஒரு நாளும் அவளைத் திட்டவில்லை. "நல்லாத்தான் நடந்தேன் இல்ல அன்னிக்கி?" என்று ஒருதரம் கேட்டான். நாலு அறை விட்டிருந்தால்கூடத் தேவலாம் என்றிருந்தது சுலோசனாவுக்கு. தபால்காரர் சைக்கிளைத் தெருவில் பார்த்தாலே சோற்றுத் தட்டைத் தள்ளிவைத்துவிடுவாள். வராத நாளில், முடியாது என்று இன்னும் சொல்லவில்லையே என்று ஒரு பிடி சோறு இறங்கும்.

வந்த பதிலில் இரண்டே வரிகள். அவள் வாய்க்குள்ளேயே படித்தாள்.

"இன்னாவாம்?" என்றான் கண்ணாயிரம், படுத்தபடி.

"முடியாதுன்னுட்டாங்க."

"செரி. மலருகிட்ட நீயே சொல்லிடு" என்றான். அவ்வளவுதான்.

கடிதம் வந்த தேதி: 2024 ஏப்ரல் 24.