காஸ்டிக் தெறித்த காலை

இளம்பிள்ளைக்குப் பக்கத்தில் எங்கள் சாயப்பட்டறை. வேலைக்கு நானும் என் மனைவியும்தான். நூலில் சாயம் ஏறக் காஸ்டிக் சோடா வேண்டும். ஏறியபின் அந்தக் காரம் நூலில் தங்கக் கூடாது. கடைசி அலசலில் கொஞ்சம் அசிட்டிக் ஆசிட் விட்டு அதை முறிப்போம். முறிந்ததா என்று ஒரு துண்டு பி.எச். பேப்பரை நனைத்துப் பார்ப்பேன். நீலம் காட்டினால் காரம் மிச்சம், பச்சைக்கு வந்தால் சரி.

அந்தப் பேப்பரை நான் யாரிடமும் கொடுத்ததில்லை. நான் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி. அவள் எட்டாவதோடு நின்றவள். அவள் எடுத்தால், "உனக்கென்ன புள்ள தெரியும், குடு இங்க" என்று பிடுங்குவேன்.

"ஆமாங்க, பெரிய சயின்டிஸ்ட்டு" என்று சிரித்தபடி கொடுத்துவிடுவாள்.

ஒரு நாள் காலை எனக்கு அவசரம். காஸ்டிக்கைத் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போட வேண்டும். நான் பெரிய கிண்ணம் நிறைய அள்ளி, சுடுதண்ணீர்த் தொட்டியில் ஒரேயடியாகக் கொட்டினேன். பொங்கித் தெறித்தது. எதிரில் கோலில் நூல் மாட்டிக்கொண்டிருந்தவளின் இடது கையெல்லாம் பட்டது. கண்ணிலும் ஒரு துளி.

"தண்ணி! தண்ணிய ஊத்துங்க!" என்று அலறினாள்.

நான் தண்ணீரை எடுக்கவில்லை. காரம் என்றால் ஆசிட் என்று கைக்குப் பழகிப்போயிருந்தது. நெடியடிக்கும் ஆசிட் கேனைச் சாய்த்து ஒரு டம்ளரில் பிடித்து, அப்படியே அவள் கையில் ஊற்றினேன். "இரு புள்ள, முறிஞ்சுரும், ஒண்ணும் ஆவாது" என்று வேறு சொன்னேன். நூலுக்குக்கூட அதை ஒரு தொட்டித் தண்ணீரில் கலந்துதான் விடுவேன். அவள் தோலுக்கு அந்த யோசனை வரவில்லை. இரண்டும் சேர்ந்தால் சூடு கிளம்பும் என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கிய மடையன் நான்.

மிச்சத்தை அவள் கண்ணருகே கொண்டுபோனேன். டம்ளரைத் தட்டிவிட்டாள். சுவரைத் தடவித் தடவிப் போய்க் குழாயடியில் உட்கார்ந்து, முகத்தையும் கையையும் தண்ணீருக்குக் கொடுத்தாள். நான் இழுத்தும் நெடுநேரம் எழுந்திருக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர், "உடனே தண்ணியில கழுவுனதாலதான் பார்வை தப்பிச்சுது" என்றார். கையைத் திருப்பிப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. "இதுல ஆசிட் யாரு ஊத்துனது?"

"கேன் சாஞ்சுருச்சுங்க" என்றாள் அவள்.

வீட்டுக்கு வந்தும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் தேவலை. புண் ஆறி, முழங்கைக்குக் கீழே தழும்பு நிற்கிறது. பேப்பரை இப்போது அவள்தான் நனைத்துப் பார்க்கிறாள். நான் பக்கத்தில் போவதில்லை.

நேற்று மதியம் வெயிலில் நூலை உலர்த்திவிட்டு வந்தவளுக்கு ஒரு சொம்பு தண்ணீர் மொண்டு கொடுத்தேன். வாங்கினாள். அன்றிலிருந்து நான் எது கொடுத்தாலும் செய்வதுபோல, மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்துவிட்டுத்தான் குடித்தாள்.