வெட்டும் தண்ணீரும் ஜாவெலும்

இன்று காலை உப்புப் போட்டுத்தானே சாப்பிட்டீர்கள்? அந்த உப்பின் எடையில் பாதிக்கு மேல் குளோரின் என்ற விஷம். பிறகு ஏன் இன்னும் உயிரோடு இருக்கிறீர்கள்?

மொராக்கோவின் மெக்னெஸ் நகரத்துப் பொதுக் குளியல்கூடம் ஒன்றில் தரை தேய்த்துவந்த இத்தோவை இப்படி யாரும் கேட்டதில்லை. அவளுக்கும் தங்கை ஹாதூமுக்கும் தெரிந்தவை இரண்டு போத்தல்கள். சுண்ணாம்புக் கறையை அரிக்கும் அமிலத்துக்கு அந்த ஊரில் 'வெட்டும் தண்ணீர்' என்று பெயர், வெளுப்பதற்கு ஜாவெல் என்ற ப்ளீச் திரவம். இரண்டையும் சேர்த்து ஊற்றினால் வேலை சீக்கிரம் முடியும் என்பது முதலாளி ஹாஜ் புஅஸ்ஸாவின் உத்தரவு.

ஜன்னலில்லாத வெந்நீர் அறையில் ஹாதூம் ஊற்றினாள். இத்தோ கதவைத் திறந்தபோது பச்சை பாய்ந்த மஞ்சள் புகைக்குள், சாக்கடைத் துளையருகே அவள் பிணமாகக் கிடந்தாள்.

துக்க வீட்டில் ஹாஜ் தீர்ப்பே சொல்லிவிட்டார்.

"பிஸ்மில்லா சொல்லாம சாக்கடையில ஊத்தியிருப்பா. கீழ இருக்கற ஜின்னு சும்மா விடுமா?"

"தும்மறதுக்கு முன்னாடியே பிஸ்மில்லா சொல்றவ ஹாஜ் அவ!" என்றாள் இத்தோ.

"அப்ப மெதுவா சொல்லியிருப்பா. நீ உரக்கச் சொல்லு. வியாழக்கிழமை அந்த அறைய முடிச்சிடு."

அதற்குள் இருமல் தாங்காமல் இத்தோ ஆஸ்பத்திரிக்குப் போனாள். நடந்ததைக் கேட்ட நர்ஸ் தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஜின்னாவது ஒண்ணாவது! ஜாவெல்ல குளோரின் கட்டுண்டு கிடக்கு அக்கா. அமிலம் அந்தக் கட்ட அவுத்து விட்டுடுது."

அவ்வளவுதான் விஷயம். குளோரின் அணுவின் வெளிச்சுற்றில் ஓர் எலக்ட்ரான் குறை. சோடியத்திடம் ஒன்று உபரி. கொடுத்து வாங்கிக்கொண்டால் இரண்டும் உப்பாகி ரொட்டியில் அடங்கும். ஜாவெலில் குளோரின் ஆக்சிஜனோடு பிணைந்திருக்கிறது. அந்தப் பிணைப்பு அறுந்தால் குளோரின் அணுக்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்து வாயுவாக எழும். ஈரம் கண்ட இடத்தில் அமிலமாகும். நுரையீரலில் ஈரத்துக்கா பஞ்சம்?

வியாழக்கிழமை இத்தோ வாளியைத் தொடவில்லை.

"கலக்க மாட்டேன் ஹாஜ். ஒண்ண ஊத்தி நல்லாக் கழுவிட்டு, மறுநாள் இன்னொண்ணு."

"ரெண்டு நாள் வெந்நீர் அடுப்ப அணைச்சிட்டு உன் மூஞ்சியப் பாத்துக்கிட்டு இருக்கணுமா? ஜின்னுக்குப் பயந்தவ எனக்கு வேண்டாம்."

"பயம் ஜின்னுகிட்ட இல்ல ஹாஜ். உங்க அவசரத்துகிட்ட."

வேலை போயிற்று. புதிதாக வந்த தூதாவை இத்தோ வாசலில் மறித்து, இரண்டையும் கலக்காதே என்று சொன்னாள். தூதா சிரித்தாள்.

"கவலப்படாதீங்க அக்கா. நான் பிஸ்மில்லாவ தெருவுக்கே கேக்கற மாதிரி சொல்றவ."

அன்று இத்தோ பின்னாலேயே உள்ளே போய் அறைக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றதால் தூதா இருமலோடு தப்பினாள். அடுத்த முறை ஹாஜ் இத்தோவை வாசற்படி ஏறவே விடவில்லை.

ப்ளீச்சிங் பவுடரும் ஆசிட்டும் உங்கள் கழிவறையிலும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. இப்போதே எழுந்துபோய்ப் பிரித்து வையுங்கள். கழுவ வருகிற பெண்ணிடம் காரணத்தையும் சொல்லுங்கள்.