வாயில் தொங்கிய பறி

மல்லிகா என்னைக் காட்டிக் கொடுக்க மாட்டார் என்று நம்பினேன். அதுவும் எப்படி? கண் கலங்கும் அளவுக்கு!

போன வாரம் பழவேற்காடு போயிருந்தேன். ஏரியோர அலையாத்திக் காட்டுக்குள், இடுப்பளவுத் தண்ணீரில் பெண்கள் மண்டியிட்டு நகர்ந்தபடியே கையால் துழாவி இறால் பிடிக்கிறார்கள். இரண்டு கையும் சேற்றில். பிடித்ததை எதில் போடுவது? ஓலையில் பின்னிய பறியில். அதன் கயிற்றைப் பல்லால் கடித்துக்கொள்கிறார்கள். பேனா மூடியைக் கடித்தாலே எனக்குத் தாடை வலிக்கும்!

அந்தப் பெண்களில் ஒருவர்தான் மல்லிகா. இறங்குவதற்கு முன் கரையில் சொன்னார்: "முன்ன பாரஸ்ட்காரங்க உள்ளயே வுட மாட்டாங்க சார், தொரத்துவாங்க. கவுருமெண்டு காடுதான, நமக்கு இன்னானு நாங்களும் திருட்டுத்தனமா வெறகு வெட்டினோம். இப்ப எறா புடிச்சிக்கோ, காட்டயும் பாத்துக்கோனு வுட்டுட்டாங்க. ஒரு கெள ஒடிஞ்சாலும் எங்களத்தான் கேப்பாங்க. மறுபடி மூடிட்டா எங்க அடுப்பு எரியாது."

பெரிதாகத் தலையாட்டிவிட்டு நானும் பின்னாலேயே இறங்கினேன். வழுக்கியது. எதையோ பிடித்தேன்... படக்!

கையில் முழ நீளத்துக்கு அலையாத்திக் கிளை. மல்லிகா திரும்பிப் பார்த்தார். அந்த நேரம் பார்த்தா படகில் வனக்காவலர் வர வேண்டும்?

கிளையைச் சட்டைக்குள் செருகினேன். மனதுக்குள் ஜாமீனுக்கு ஆள் தேடினேன். மனைவி? ம்ஹூம்... 'கொஞ்ச நாள் உள்ளேயே இருக்கட்டும்' என்பாள்.

"இன்னாமா, கெள ஒடியிற சத்தம் கேட்டுச்சி? உங்க ஆளுங்களா?" என்றார் காவலர்.

மல்லிகா பேசவில்லை. என்னையே பார்த்தார். முன்பின் தெரியாத ஒருத்தனுக்காக இப்படியொரு மௌனமா! கையெடுத்துக் கும்பிடப் போனேன்.

அவர் நிதானமாகக் கரையேறினார். பறியை வாயிலிருந்து எடுத்துக் கீழே வைத்தார்.

"இந்தாளுதான் சார்! சொக்காக்குள்ள ஒளிச்சி வெச்சிக்கினு முழிக்கிறாரு பாரு!"

காவலர் சிரித்துவிட்டார். மல்லிகா சிரிக்கவில்லை.

"ஒடச்சவங்கதான் நாத்து நடணும். எங்க வூட்டு ஆம்பளைக்கும் அதான் சட்டம். எறங்கு சார்."

கரையில் அவர்கள் வளர்த்து வைத்திருந்த அலையாத்தி நாற்றை எடுத்து நட்டேன். முட்டிவரை சேறு. முதுகுக்குப் பின்னால் மேற்பார்வை வேறு — "சாஞ்சி நிக்கிது பாரு, புடுங்கி நேரா வெய்யி!"

துரத்தியபோது வெட்டிய அதே கைகள்தான். உள்ளே விட்டு, 'பார்த்துக்கொள்' என்று சொன்னதும் காக்கிச் சட்டையைவிடக் கறாராகிவிட்டன. இவ்வளவு சின்ன விஷயம் சட்டம் போடுகிறவர்களுக்குப் புரிய ஏன் இத்தனை காலம்? மல்லிகா இருக்கும்வரை அந்தக் காட்டுக்கு வேலியே வேண்டாம் என்பேன்.

சரி, அந்த மௌனம்?

வாயில் பறி இருந்தது. அவ்வளவுதான்.