பர்னபாஸ் நோட்டில் எழுதிய வரிகள்

தூத்துக்குடித் துறைமுகத்துக்குள் பெரிய கப்பல்களை இழுத்து வரும் டக் படகை இருபது வருஷமாக ஓட்டியவர் பர்னபாஸ். திரேஸ்புரத்தில் அவர் சிரித்தால் நாலு வீடு தள்ளிக் கேட்கும். அவர் கழுத்தில் நிணநீர்ப் புற்றுநோய்க் கட்டி வந்தது. இரண்டு முறை கீமோ கொடுத்தும் திரும்பி வந்துவிட்டது.

சென்னை ஆஸ்பத்திரியில் டாக்டர் ஜெயஷீலா புது வழி ஒன்றைச் சொன்னார். "உங்க ரத்தத்துல நோயை எதிர்க்கிற செல்கள்ல கொஞ்சம் எடுத்து மும்பை லேபுக்கு அனுப்புவோம். புற்றுநோயை அடையாளம் கண்டு அழிக்கிற மாதிரி மரபணுவை மாத்தி, பெருக்கித் தருவாங்க. அதைத் திரும்ப உங்களுக்கே ஏத்துவோம்."

மனைவி பிலோமினாவுக்குப் பாதிதான் புரிந்தது. பர்னபாஸ் அவள் பக்கம் திரும்பினார். "ஏளா, நான் இன்னும் ஏரோப்ளேன் ஏறல. என் செல்லு எனக்கு முந்தி ஏறப் போவுது பாத்தியா!"

மூன்று வாரம் கழித்து, உறையவைத்த சின்னப் பையில் செல்கள் வந்து சேர்ந்தன. அரை மணி நேரத்தில் ஏற்றி முடித்துவிட்டார்கள். "இம்புட்டுதானா?" என்றாள் பிலோமினா.

ஏற்றிய செல்கள் மூளையைத் தொந்தரவு செய்கின்றனவா என்று பார்க்க, தினமும் காலையில் நோட்டில் ஒரு வரி எழுதச் சொன்னார்கள். முதல் நாள், "இட்லி கல்லு மாதிரி இருக்கு" என்று எழுதினார். மறுநாள், "சிஸ்டர் தங்கமானவங்க, ஊசிதான் சரியில்லை." நர்ஸ்கள் கூடி நின்று படித்துச் சிரித்தார்கள்.

நான்காம் நாள் காய்ச்சல் கொதித்தது. ஐந்தாம் நாள் பேனா கோணல்மாணலாக இழுத்துக்கொண்டு போனது. ஓர் எழுத்துகூடத் தேறவில்லை. "நான் யாரு, சொல்லுங்க?" என்று பிலோமினா கேட்டதற்கும் வெறுமனே பார்த்தார். அவளுக்கு ஜெபம்கூட வாயில் வரவில்லை.

"அந்த செல்கள் மும்முரமா வேலை செய்யும்போது சிலருக்கு இப்படி ஆகும்மா. மருந்து குடுத்திருக்கோம்" என்றார் டாக்டர்.

இரண்டு நாள் கழித்து நர்ஸ் பிலோமினாவிடம் நோட்டை நீட்டினாள். எழுத்து நடுங்கியிருந்தாலும் வாசிக்க முடிந்தது: "பிலோமினா சாப்பிட்டாளா?"

"புத்தி தெளிஞ்சதும் கேக்குத கேள்வியப் பாரு!" அழுகையும் சிரிப்புமாக அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மூன்றாம் மாத ஸ்கேனில் கட்டியைக் காணோம். தொடர்ந்து வந்து காட்ட வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். உடம்பு தேறி வேலைக்குத் திரும்பிய முதல் நாள், கூட வேலை பார்க்கும் இனிகோ பிலோமினாவுக்குப் போன் செய்தான்.

"மைனி, அண்ணன் காலையிலேருந்து வாயே மூடல. வயர்லெஸ்ல வேற ஆளு பேச முடியல."

"பேசட்டும்லே, விடு" என்றாள்.