கல்யாணப் பையைக் கேட்கப் போனோம்

பஸ்ஸில் பையைத் தவறவிட்டவனிடம் என்ன கேட்க வேண்டும்? பை என்ன நிறம், உள்ளே என்ன இருக்கிறது. அவ்வளவுதான். எங்களிடம் இன்னொன்றும் கேட்டார்கள். நான் ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தியவன், நாலு பேர் முன்னால் பேசவும் வராது. ஆனாலும் அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

அப்போது மூன்றாவது படித்துக்கொண்டிருந்தேன். பெரியபாளையத்துக்குப் பக்கத்து ஊரில் மாமாவுக்கு மறுநாள் காலை கல்யாணம். அம்மாவுக்கு அவர் ஒரே தம்பி. அப்பாவுக்குக் கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் ஃபிட்டர் வேலை நிரந்தரமாகியிருந்தது. முதல் போனஸில் அவர் ஒரு அரக்குப் பட்டும் மாமாவுக்கு ஒரு வாட்சும் எடுத்திருந்தார். தாலி கட்டும்போது பெண் உடுத்த வேண்டிய கூறைப்புடவையே அந்தப் பட்டுதான்.

புதுவாயலில் ஏறும்போதே பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. நிற்கிறவர்கள் பையை உட்கார்ந்திருப்பவர் மடியில் கொடுத்துவிடுவது எங்கள் பக்கத்துப் பழக்கம். அம்மாவும் ஒரு பெண்ணிடம் கொடுத்தாள். அந்தப் பெண் நடுவில் இறங்கும்போது பையைப் பக்கத்து மடிக்கு மாற்றியிருக்கிறாள். அங்கிருந்து அது டிரைவர் பக்கத்து இன்ஜின் மேலே போயிருக்கிறது. பெரியபாளையத்தில் கூட்டம் எங்களைக் கீழே தள்ளிவிட்டது. அம்மா கத்துவதற்குள் பஸ் புறப்பட்டுவிட்டது.

அடுத்த பஸ்ஸைப் பிடித்து, பை போன பஸ் கடைசியாகப் போய் நிற்கும் ஊருக்குப் போனோம். ஊர்ப் பெயரை எழுத எனக்கு மனமில்லை. பஸ் ஸ்டாண்டு டைம் கீப்பர் அறையில், அவர் நாற்காலிக்குப் பின்னால் எங்கள் மஞ்சள் பை இருந்தது. அம்மாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது.

“அதான் சார், அதான் எங்க பை!”

“இரும்மா. உள்ள இன்னா கீது, சொல்லு.”

“அரக்குப் பட்டு சார், பச்சைக் கரை. டப்பாவோட ஒரு வாட்சு. மஞ்சா, குங்குமம். பையனுக்கு ஒரு டிராயரு.”

பிரித்துப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. என் டிராயரை ஒரு விரலில் தூக்கிக்கூடக் காட்டினார். அங்கே நின்றிருந்த கண்டக்டர்கள் சிரித்தார்கள்.

“எந்த ஊரு?”

அப்பா சொன்னார்.

“அங்க எந்தப் பக்கம்? ஊரா, காலனியா?”

வயல் வைத்திருந்தவர்கள் குடியிருந்த பக்கம் ஊர். அந்த வயல்களில் தலைமுறை தலைமுறையாகக் கூலிக்கு இறங்கியவர்கள் குடியிருந்த பக்கம் காலனி. தொலைந்த புடவைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? அப்பா, “காலனி” என்றார்.

டைம் கீப்பர் புடவையை மறுபடியும் கையில் எடுத்தார். ஜரிகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“பட்டு ஷோக்காத்தான் கீது. யாரு ஊட்டுப் பொடவ இது?”

அப்பா சட்டைப் பையிலிருந்து கம்பெனி கார்டை எடுத்து நீட்டினார். அவர் போட்டோ ஒட்டிய கார்டு. அந்த மனிதர் அதைக் கையில்கூட வாங்கவில்லை.

“கார்டு இன்னாத்துக்குயா? பெரிய மனுசன் யாருனா தெரிஞ்சா கூட்டிக்கினு வா. இல்லாங்காட்டி ஸ்டேஷன்ல போய் சொல்லிக்கோ.”

“காலைல முகூர்த்தம் சார்.”

“அதுக்கு நான் இன்னாம்மா பண்றது? பேஜாரு பண்ணாத, போ.”

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். பொழுது சாயும் நேரத்தில் எங்கள் ஊர்ப் பெரிய வயல்காரர் வந்தார். மோட்டாருக்கு ஏதோ சாமான் வாங்க வந்தவர், பஸ்ஸுக்குக் காத்திருந்தார். அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா அசையவில்லை. அம்மாதான் ஓடிப்போய் நடந்ததைச் சொன்னாள். அவர் டைம் கீப்பர் அறை வாசலில் நின்றபடியே பேசினார்.

“நம்ம ஆளுதான், குடுத்துடுப்பா. இவன் அப்பன் எங்க நெலத்துலதான் கிடந்தான். கை சுத்தம்.”

உடனே பை வந்துவிட்டது. அவரிடம் யாரும் பெயர் கேட்கவில்லை. எந்தப் பக்கம் என்று கேட்கவில்லை. பைக்குள் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியவே தெரியாது. ஆனால் அவர் வாயால் சொன்ன பிறகுதான் அது எங்கள் புடவை ஆனது.

அவர் அப்பா பக்கம் திரும்பினார். “இன்னாடா, கம்பெனிக்குப் போனதும் ஆளையே காணோம்? ஞாயித்துக்கெழம லீவுதானே. வந்து மோட்டார கொஞ்சம் பாத்துட்டுப் போ.”

அப்பா தலையை அசைத்தார். பெரியபாளையம் வந்து இறங்கும்வரை முகத்தை வெளியே திருப்பிக்கொண்டே வந்தார். பைதான் கிடைத்துவிட்டதே, இன்னும் ஏன் இந்த முகம் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. உதவி செய்தவருக்கு ஒரு கும்பிடுகூடப் போடவில்லையே என்று ஆத்திரமாகக்கூட இருந்தது. எனக்கு அந்த வயல்காரர் சாமி மாதிரித் தெரிந்தார்.

மறுநாள் பெண் அந்த அரக்குப் பட்டில் வந்து உட்கார்ந்தாள். தாலி ஏறியது. பந்தியில் அப்பாவுக்குப் பக்கத்தில் எனக்கு இலை போட்டார்கள். பேசவே கூச்சப்படுகிற எனக்கு அன்று எங்கிருந்தோ வாய் வந்துவிட்டது. எதிர் வரிசைக்கும் கேட்கும்படி சொன்னேன்.

“நைனா கார்டு காட்னாரு, அந்த ஆளு பாக்கவே இல்ல. எங்க ஊரு பெரியவரு ஒரே ஒரு வார்த்த சொன்னாரு, ‘நம்ம ஆளு, கை சுத்தம்’னு. ஒடனே குடுத்துட்டாங்க!”

எதிர் வரிசையில் நாலு பேர் நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தார்கள். அப்பா இலையை மூடிவிட்டு எழுந்துபோனார். சோற்றில் பாதி அப்படியே இருந்தது.

அப்பாவுக்குக் கத்தரிக்காய் ஆகாது; அதனால்தான் எழுந்துபோனார் என்று நினைத்தேன். அதைக் கேட்காமல் இலையில் வைத்தவனை நான் அந்தப் பந்தி முடியும்வரை முறைத்துக்கொண்டே இருந்தேன்.