நான்காம் நிலை

எங்கள் குடியிருப்பின் ஐந்தாம் மாடியில், எதிர் வீட்டில், தால்மானும் அவர் மனைவி போக்சிமும் இருந்தார்கள். தால்மான் கப்பலில் எஞ்சின் பார்த்து ஓய்வு பெற்றவர். வயது எழுபத்தெட்டு. போக்சிம் தோங்யோங் துறைமுகச் சந்தையில் நெத்திலிக் கருவாடு விற்றவள். ஆறு வருடமாக அவளுக்கு நினைவு நழுவிக்கொண்டே வந்தது. சிறுநீரில் நனைந்த துணிகளை அரிசி டப்பாவுக்குள் ஒளித்து வைப்பாள். குளிக்க அழைத்தால் கடிப்பாள். தால்மான் யாரிடமும் சொல்லவில்லை. முதலில் சந்தைக்குப் போவதை நிறுத்தினார், பிறகு பேசுவதையும்.

கடைசியில் என் வற்புறுத்தலால்தான் முதியோர் பராமரிப்புக்கான அரசுக் காப்பீட்டுக்கு எழுதிப் போட்டார். அவளுக்கு எவ்வளவு உதவி தேவை என்று மதிப்பிட அங்கிருந்து ஒரு பெண் வந்தாள். கூட இருக்கச் சொல்லி என்னையும் அழைத்திருந்தார்.

அன்றைக்குப் பார்த்து போக்சிம் தலை வாரி, சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தாள்.

"வாம்மா, உட்காரு. பேரிக்கா சாப்பிடறியா?"

அந்தப் பழைய குரலைத் தால்மான் கேட்டு ஒரு வருடமாவது இருக்கும். அவர் முகம் வெளிறிப்போனது.

"இன்னிக்கு என்ன தேதிம்மா?"

"கடையை மூடினவளுக்குத் தேதி எதுக்கு?"

"தானா குளிப்பீங்களா?"

"பின்னே? எதிர் வீட்டுக்காரியா வந்து குளிப்பாட்டுவா?"

வந்தவளும் சிரித்துவிட்டாள். தால்மான் சுவரைப் பார்த்தபடி இருந்தார். அந்தப் பெண் கிளம்பியதும் செருப்புகூடப் போடாமல் லிஃப்ட் வரை ஓடினார்.

"எல்லாம் பொய்ம்மா. ராத்திரி மூணு தடவை துணி மாத்தறேன். நான் யாருன்னே அவளுக்குத் தெரியல."

"உள்ளேயே சொல்லியிருக்கலாமே ஐயா?"

"அவ எதிர்லயா? சந்தையையே மிரட்டி வச்சிருந்தவம்மா அவ."

அந்தப் பெண் லிஃப்டை விட்டுவிட்டு, அங்கேயே நின்று எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொண்டாள்.

ஒரு மாதத்தில், நான்காம் நிலை, அதாவது ஓரளவு உதவி தேவைப்படுபவள் என்று கடிதம் வந்தது. அதன்படி, காலையில் பகல் காப்பகத்து வண்டி வந்து போக்சிமை ஏற்றிக்கொள்ளும், மாலையில் கொண்டுவந்து விடும்.

முதல் நாள் கடைக்குப் போவதாக நினைத்து அவள் சந்தோஷமாக ஏறிப் போனாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தால்மான் முடிவெட்டப் போனார். எப்படி வெட்டட்டும் என்று கேட்டதற்குப் பதில் சொல்ல வாயைத் திறந்தால் குரல் வரவில்லையாம். "சாப்பிடு, எழுந்திரு, வேணாம்... இதைத் தவிர வேற பேசி எத்தனை நாளாச்சு!" என்று பிறகு என்னிடம் சொன்னார். வண்டி ஐந்து மணிக்குத்தான் வரும். மூன்று மணிக்கே கீழே போய் நின்றுகொண்டார்.

இறங்கிய போக்சிம் வண்டியில் கூட வந்த உதவியாளரிடம் கேட்டாள்: "இந்த ஆளு யாரு?"

"உங்க வீட்டுக்காரர்மா."

"அவர் கப்பல்ல இல்ல இருக்காரு!"

தால்மான் தொப்பியைக் கழற்றினார். "ஆமாங்க, அவர்தான் என்னை அனுப்பினாரு. உங்களை வீட்டுல கொண்டு விடச் சொன்னாரு."

அவள் நம்பிக்கையோடு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இப்போது எட்டு மாதமாகிறது. தால்மானுக்கு இடுப்பு வலி குறைந்திருக்கிறது. ரத்த அழுத்தம் இறங்கியிருப்பதாக டாக்டர் சொன்னார். பகலில் தூங்குகிறார். காப்பகத்தில் போக்சிம் பாடுகிறாளாம்; ஒரு கிழவரை "அண்ணே, அண்ணே" என்று கூப்பிட்டுக் கேலி செய்கிறாளாம். இதையெல்லாம் உதவியாளர் சொல்லித்தான் அவர் தெரிந்துகொள்கிறார்.

ஒருநாள் மதியம் சாப்பிடக் கூப்பிட்டேன். வந்தார். பாதியில் எழுந்து போய்விட்டார். "அவ இல்லாம தனியா சாப்பிட்டுப் பழகணும்ல?" என்றார். கதவைச் சாத்திக்கொள்ளும் சத்தம் கேட்டது.